சந்தைக்காரரின் கரும்பலகை

எங்கள் பெரியப்பாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சந்தைக்காரர்' என்றால்தான் தெரியும். செய்வது பூட்டுத் தொழில். எந்தப் பேச்சை எடுத்தாலும், "அரசாங்கம் கையை எடுக்கட்டும், சந்தை பாத்துக்கும்" என்றுதான் முடிப்பார். பெரியம்மாவுக்குப் பல்வலி வந்தபோதும் இதையே சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதில் ஒரு வரி எழுதுவார். "நல்ல கடை எது என்று வாங்குகிறவருக்குத் தெரியும். அரசு முத்திரை எதற்கு?" என்கிற மாதிரி. 'ழ'வின் வாலை அடுத்த எழுத்துக்குக் கீழே வரை இழுக்கும் அந்தக் கையெழுத்து தெருவுக்கே பழக்கம். அனுமதியில்லாத பலகை, எடுத்துவிடு என்று அதிகாரிகள் வந்தபோது, வக்கீல் வைக்காமல் தானே வழக்காடினார். "பிடிக்காத பேச்சுக்கும் சேத்துத்தாங்க பேச்சுரிமை" என்று நீதிபதியிடமே சொல்லி ஜெயித்தார். அன்றிலிருந்து எங்கள் காதுக்கு ஓய்வில்லை.

ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்கும். அப்பாவின் கடைக்காகக் கோபப்பட்ட ஒரே ஆள் அவர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அப்பா, அண்ணன் கடைக்கு எதிரிலேயே ஒரு பூட்டுக்கடை வைத்திருந்தார். தொழிலில் பத்து வருடம் இருந்தவர்களுக்கு மட்டுமே உரிமம் என்று திடீரென்று விதி வந்தது. அப்பாவுக்கு எட்டுதான் ஆகியிருந்தது. கடையை மூடிவிட்டு, பேருந்துப் பணிமனையில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார். "உங்கப்பன் கடையை மூடினது அரசாங்கம்மா" என்று பெரியப்பா பொருமுவதைக் கேட்டே நான் வளர்ந்தேன்.

இப்போது அதே இடத்தில் கடை திறக்க நான் விண்ணப்பித்தேன். வீட்டில் அப்பாவிடம் தொழில் கற்ற வருடங்கள் செல்லாது என்று நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீட்டு விசாரணைக்கு, நான் கூப்பிடாமலே பெரியப்பாவும் கிளம்பி வந்தார். அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, பெரியப்பாவின் பேச்சைக் கால்மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"இந்த விதியைப் போட்டது யாரும்மா? ஒரு பூட்டைக்கூடப் பிரிச்சுப் பாக்காத நீங்கதானே?" என்று மேசையைத் தட்டினார் பெரியப்பா.

"நாங்களா போடலீங்க. உங்க பூட்டுக்காரங்க சங்கம் கேட்டுத்தான் போட்டோம். சங்கத்துக்கு ஒருத்தர் எழுதின புகாரையும் சேத்து அனுப்பினாங்க, இதோ இருக்கு." கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார்: "'என் கடைக்கு எதிர்க்கடையில் செய்த கள்ளச் சாவியால் இரண்டு வீடுகளில் கொள்ளை நடந்திருக்கிறது. அனுபவமில்லாதவர்கள் இந்தத் தொழில் செய்வதைத் தடுக்க விதி வேண்டும்.'"

தாளை எங்கள் பக்கம் திருப்பினார். மை கொஞ்சம் வெளிறியிருந்தது. தொழில் என்ற சொல்லில் 'ழ'வின் வால் அடுத்த எழுத்துக்குக் கீழே வரை ஓடியது.

பள்ளிக்கூடத்தில் என்னைக் 'கள்ளச்சாவி மகள்' என்று கூப்பிட்டது எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"அப்படிக் கொள்ளை போச்சா பெரியப்பா?"

"இல்ல."

"இதை எழுதினதே மறந்துபோச்சா?"

"மறந்திருந்தா இத்தனை வருஷம் இப்படிக் கத்தியிருப்பேனாம்மா? கூட்டமெல்லாம் உங்கப்பன் கடைக்குப் போச்சு. பயந்துட்டேன்."

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடப்பிறந்தவன் வயிற்றில் அடித்துவிட்டு, அதற்கும் சேர்த்து உபதேசம் செய்தவரை அன்றுதான் பார்த்தேன். சந்தை பாத்துக்கும், சந்தை பாத்துக்கும் என்று வாய் ஓயாமல் சொன்னாரே!

"இது பொய்னு எழுதினவரே கைப்பட எழுதிக் கொடுத்தா, விதியை மறுபடி பரிசீலிக்கலாம். இல்லைன்னா உங்க மேல்முறையீடு நிக்காதும்மா" என்றார் அதிகாரி என்னிடம். பெரியப்பா எழுந்து போய்விட்டார். வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் காலை பலகையைச் சுற்றிக் கூட்டம். "எதிர்க்கடைச் சாவியால் எந்த வீடும் கொள்ளை போகவில்லை. நான் சொன்னது பொய். என் தம்பி கை சுத்தம்."

வேலைக்குப் போகும் வழியில் அப்பா சைக்கிளை நிறுத்தி அதைப் படித்தார். அழுதுவிடுவாரோ என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"பொய்யை மையில எழுதினாரு, உண்மையை மட்டும் சாக்பீஸ்ல எழுதியிருக்காரு" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கடைக்குள் போய், மேசைமேல் ஒரு தாளையும் பேனாவையும் வைத்தேன்.

"எங்கே கையெழுத்துப் போடணும்மா?" என்றார் பெரியப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

"கையெழுத்து மட்டும் போதாது பெரியப்பா. முழுசா எழுதணும். உங்க கையால."

சாவி செய்ய வந்த இருவரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தார். 'பொய்' என்ற சொல்லுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவர் எழுதி முடிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.