அத்தானின் கழுத்தில் சுல்தானின் கால்

எனக்குச் சுல்தான் வேஷம் என்று சொன்னதும் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தேன். மன்னாரில் இருந்த காலத்தில் கூத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் காவலன் வேஷம்தான். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், ஒரு வரி பாட்டும் கிடையாது. மெல்பேர்ணுக்கு வந்து இத்தனை வருடம் கழித்துக் கிரீடம் கிடைத்திருக்கிறது!

கூத்தை எழுதியவர் எங்கள் கோவில் பாடகர் குழுவை நடத்தும் ஒரு தாதி. ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த துருக்கியச் சுல்தான் ஒருவரின் கதையை நூலகத்தில் படித்துவிட்டு, வேலைக்குப் போகும் ரயிலிலேயே பாட்டுக் கட்டியிருந்தார். என்ன வாழ்க்கை அது! அரியணைக்காக உறவுக்காரரோடே சண்டை, பக்கத்தில் கெட்டிக்கார மந்திரி, கிழக்கு உரோமப் பேரரசனையே போரில் உயிரோடு பிடித்த வெற்றி. கடைசியில் ஒரு கைதி கத்தியோடு பாய்ந்தபோது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று காவலரை விலக்கிவிட்டு அம்பு விட்டார். குறி தப்பியது, கத்தி தப்பவில்லை. அந்த மிதப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த மிதப்பு.

பேரரசன் வேஷம் யாருக்கு என்று கேட்டபோதுதான் என் துள்ளல் நின்றது. என் அக்காவின் கணவருக்கு. அத்தானும் நானும் பேசி மூன்று வருடம். ரோவிலில் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது, எல்லோருக்கும் போல அவருக்கும் வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினேன். வீடு தேடிப் போய்ச் சொல்லவேண்டிய ஆளுக்கு! எல்லாம் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது, அத்தான் வரவில்லை. அன்றிலிருந்து அக்கா என் வீட்டுக்குத் தனியாகத்தான் வருகிறாள், வந்ததிலிருந்து மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வெட்கக்கேடு. எனக்கு அத்தான் வேண்டும், கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

ஒத்திகையில் பாட்டில் மட்டும் பேசிக்கொண்டோம். ஆனால் ஓர் இடம் இடித்தது. பிடிபட்ட பேரரசனின் கழுத்தில் சுல்தான் ஒரு கணம் கால் வைத்து, பிறகு அவனைத் தூக்கித் தன் பக்கத்தில் இருத்த வேண்டும். ஒத்திகை நாட்களில் காலைத் தரையில் வைத்தே ஒப்பேற்றினேன்.

அரங்கேற்றத்தன்று கிளேட்டன் மண்டபம் நிறைந்து வழிந்தது. மத்தளம் முழங்க, அத்தான் என் முன்னால் குப்புறக் கிடந்தார். எனக்குக் கால் எழவில்லை. அக்காவின் புருஷன்! முன்வரிசையில் அக்கா வேறு. மத்தளக்காரர் அதே தாளத்தை மூன்றாம் தடவையும் சுற்றினார்.

கீழேயிருந்து பல்லைக் கடித்தபடி அத்தானின் குரல் வந்தது: "வையடா காலை! சனம் பாக்குது."

மூன்று வருடத்தில் முதல் பேச்சு! வைத்தேன், பட்டும் படாமலும். நான் பிடிபட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பாடினேன். கொன்றிருப்பேன் என்று அத்தான் பாடியதில் உண்மையான உற்சாகம் இருந்தது. உன்னை மன்னித்து அனுப்புகிறேன் என்ற வரியை அத்தானைத் தூக்கிப் பக்கத்தில் இருத்திப் பாடினேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

திரைக்குப் பின்னால் போய்க் கிரீடத்தைக் கழற்றினேன். "அத்தான், வீட்டுக்கு வாங்கோ."

"இஞ்ச வைச்சுச் சொன்னாப் போதுமோ? வீட்ட வந்து சொல்லு."

மறுநாள் காலை கேக்கோடு போய் மணியை அடித்தேன். கதவு திறந்தது. மடிப்புக் கலையாத சேர்ட்டும் சப்பாத்துமாக, கையில் கார்ச் சாவியோடு அத்தான் நின்றார்.

"ஓம், சொல்லு," என்றார்.