நாசிருவைச் சாகவிடாத ஹுரேரா

காதல் கதைகள் எழுதிய ஹாஜியா ஹுரேராவின் வீடு, கானோ நகரில் எங்கள் தெருவின் ஏழாவது வீடு. 1989 முதல் 2003 வரை பதினோரு கதைகள் எழுதினார். பாகங்களாக எண்ணினால் இருபத்தாறு. அச்சுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் பிழை பார்த்தவன் நான், கச்சல்லா. நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வருடம் பதிவேடு எழுதியவன் என்பதால் அவர் கணவர் சாலிசு, என் நண்பர், இந்த வேலையை என்னிடம் தந்தார். நான்காவது கதையின் நாயகி பதினோரு மாதம் கர்ப்பமாக இருந்தாள். கேட்டதற்கு, "ஃபுலானிப் பொண்ணு, பொறுமை ஜாஸ்தி," என்றார் ஹுரேரா.

அவர் ஃபுலானி, நான் பரேபரி. எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை உண்டு. பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் அடிமை என்றுதான் அழைப்போம். சாவு வீட்டில்கூட அதை நிறுத்துவதில்லை.

2003 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, சாலிசு மாரடைப்பில் இறந்தார். ஹுரேரா நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டிலேயே துக்கம் காக்கத் தொடங்கினார். அப்போது அவருடைய கடைசிக் கதையின் மூன்றாம் பாகம் பாக்கியிருந்தது. இரண்டாம் பாகத்தின் முடிவில் நாயகன் நாசிரு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூன்றாம் பாகத்தில் அவன் இறக்க வேண்டும், மனைவி ராபி அழ வேண்டும். முதலிலிருந்தே திட்டம் அதுதான்.

முன்னறைத் திரைக்குப் பின்னாலிருந்து தாள்கள் வந்தபடி இருந்தன. பொடி எழுத்தில் நாற்பத்தோரு பக்கம் ஆகியும் நாசிரு சாகவில்லை.

"அடியே அடிமை, இவன் ஆஸ்பத்திரியில இருக்கானா, மாமியார் வீட்டு விருந்துல இருக்கானா?"

"பசிக்குது, சாப்பிடுறான். ஒனக்கென்ன வயித்தெரிச்சல், பரேபரிக் கெழவா?"

"பத்தொம்பது கிண்ணம் கம்பங்கஞ்சி குடிச்சிருக்கான். தலைக்கட்ட மட்டும் யாரும் பிரிக்கவே இல்ல."

"இன்னொரு கிண்ணமும் குடிப்பான். போ."

ஜூன் 3 அன்று பதிப்பாளர் ஹம்சா வந்தார். சந்தையில் கடை வைத்திருப்பவர். திரையைப் பார்த்துக் கும்பிடாத குறையாகப் பேசினார்.

"ஹாஜியா, பொம்பளைங்க கடைய முற்றுகை போடுறாங்க. அவனுக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

"பொழைச்சுக்கட்டுமே, ஹம்சா."

"எப்படி? ராபி வெள்ளை கட்டி அழுவற மாதிரி மூவாயிரம் அட்டை அச்சடிச்சு வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா ஜாரியாவுல ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட குடுத்துருவேன். ரெண்டே பக்கத்துல கொன்னுருவாரு."

அவர் போனார்.

"ரெண்டே பக்கத்துலயா?" என்றார் ஹுரேரா.

"ஜாரியாக்காரங்களுக்கு எதுலயும் அவசரம்."

"அவன் எப்படிச் சிரிப்பான்னுகூட அந்த ஆளுக்குத் தெரியாதே." பிறகு, "கச்சல்லா, நான் எழுதி முடிச்சிட்டா அவர் நெசமாவே போயிடுவார்," என்றார்.

அன்று மட்டும் அடிமை என்று அழைக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மாலை ஒன்பது பக்கம் வந்தது. நாசிரு விடியற்காலையில், ராபி தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது இறக்கிறான். ஆனால் பதினான்கு இடங்களில் நாசிரு என்று இருக்கவேண்டிய இடத்தில் சாலிசு என்று இருந்தது. எங்கள் ஊரில் மனைவி கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. பழகிய முப்பத்தொரு வருடத்தில் ஹுரேரா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. "வீட்டுக்காரர்" என்பார், அல்லது இருமிக் காட்டுவார்.

"அடிமை, நடுவுல ஒரு சாலிசு நுழைஞ்சிருக்கானே. டிக்கெட் வாங்கினானா?"



"எத்தன எடத்துல?"

"பதினாலு."

"படி."

"எதுவரைக்கும்?"

"முழுசும். பேரோட படி."

படித்தேன். நான்காம் பக்கத்தில் அவர் அழத் தொடங்கினார். நிறுத்தினால், "படின்னேன்ல," என்று அதட்டினார். முடிந்ததும் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"பதிமூணத் திருத்து."

"மிச்சம் ஒண்ணு?"

"அது ஒன் கண்ணுல படல. வயசாச்சு, பார்வை மங்கிப்போச்சு, பாவம்."

"என் பார்வைக்கா? பரேபரிக் கண்ணுடி இது."

"பரேபரிக் கண்ணுதான. மங்காம என்ன செய்யும்?"

பதிமூன்றைத் திருத்தினேன். ஹம்சா வியாழக்கிழமையே வந்து வாங்கிப் போனார். புத்தகம் ஜூன் 20, வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்தது. சாலிசு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஆறாவது வரியில் இருக்கிறார். இதுவரை எந்த வாசகியும் அவரைப் பற்றிப் புகார் சொல்லவில்லை.