முதல் படியில் நிற்பவர்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு ஹாலில் அவருடைய அம்மாவும் என் அம்மாவும் எந்தச் சபை, எந்த பாஸ்டர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவரையும் பால்கனிக்கு அனுப்பினார்கள். பேச எதுவும் தோன்றாமல், இந்த வாரம் வகுப்பில் என்ன பாடம் என்று கேட்டேன்.

காதல் என்றார். சொன்னதும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. பழைய கிரேக்கர்களில் சிலர் காதலை ஓர் ஏணியாகப் பார்த்தார்கள் என்று அவசரமாக விளக்கினார். முதலில் ஒருவருடைய அழகில் மனம் போகும். அதே அழகு பிறரிடமும் இருப்பது பிறகு தெரியும். உடம்பைவிட மனசு அழகு, மனசைவிட அறிவு அழகு என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் அழகையே நேருக்கு நேர் பார்ப்பது. அதுதான் ஞானம்.

"அப்போ நாம முதல்ல நேசிச்சு, முதல் படியிலயே நிக்கிற ஆள் என்ன ஆவாங்க?" என்று கேட்டேன்.

"தெரியலங்க. வருஷா வருஷம் இந்தப் பாடம் எடுக்கறேன். இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

அதற்கு முன் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் எல்லாமே தெரிந்திருந்தது. அன்று மாலையே அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு இரும்புலியூரில் குடியேறினோம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சபையின் சின்ன ஹாலில், விருப்பமுள்ளவர்களுக்கு அவர் கிரேக்கத் தத்துவம் சொல்லிக்கொடுத்தார். ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு நர்ஸ், இன்னும் சிலர் வருவார்கள். நான் அந்தப் பக்கமே போனதில்லை. வாரமெல்லாம் நாவலூருக்கு பஸ்ஸில் இடிபட்டுப் போய் சாப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிறவளுக்கு, சனிக்கிழமை தூங்குவதற்குத்தான்.

போன வருஷம் அவருக்குக் குரல் கம்மத் தொடங்கியது. தொண்டையில் கட்டி என்றார்கள். எடுத்துப் பரிசோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். ஆனால் புண் ஆறும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். என் கணவர் கல்லூரிக்கு லீவு போட்டார். சனிக்கிழமை வகுப்பை மட்டும் விட மனசில்லை. அவர் லேப்டாப்பில் டைப் செய்வதை நான் உரக்கப் படிப்பது என்று ஏற்பாடு.

வீட்டில் முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. எதற்கெடுத்தாலும் சைகை, எழுத்து. போகப்போக எழுதுவது குறைந்தது. புருவம் எப்படி இருந்தால் வலி, எப்படி இருந்தால் பசி, எப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறார் என்று முகத்திலிருந்தே புரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

அந்த நாட்களில்தான் ஆபீஸில் ஒன்று நடந்தது. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம், வேலையில் ஏதாவது சிக்கலா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை. கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை என்று அழுதாள். வாரக்கணக்காக என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். பார்க்கும் கண் எனக்கு அப்போதுதான் வந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஏணிப் பாடம். அவர் டைப் செய்ததைப் படித்து முடித்தேன். நர்ஸ் கையைத் தூக்கினார். "மேல ஏறிட்டா, முதல்ல நேசிச்சவங்கள விட்டுடணுமாக்கா? அது ஞானமா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டும் என்று புரிந்தது.

"கிரேக்கத்துல என்ன சொல்லியிருக்குன்னு எனக்குத் தெரியாது. இவர் முகத்தப் பார்த்துப் பார்த்துதான் மத்தவங்க முகம் எனக்குத் தெரிய ஆரம்பிச்சது. மத்தவங்களப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனா, இவர இன்னும் நல்லாத் தெரியுது. நான் யாரையும் கீழ விட்டுட்டு வந்த மாதிரி தெரியல."

நர்ஸ் தலையை ஆட்டினார். ரயில்வேக்காரர், கிரேக்கர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா என்று சந்தேகம் கிளப்பினார். வாதம் வாட்ச்மேன் வந்து கதவைச் சாத்தவேண்டும் என்று சொல்லும்வரை நீண்டது. தூக்கம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அடுத்த வாரம் எப்போது வரும் என்றிருந்தது. இப்போது தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. படித்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குக் குரல் திரும்பி வந்தது, கரகரப்பாக. வகுப்புக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. சபையின் கொயரில் முன்னால் நின்று பாடியவர் இப்போது பெஞ்சில் என் பக்கத்தில் நிற்கிறார். அதில் அவருக்கு வருத்தம் உண்டு. எனக்கு, சொல்லக்கூடாதுதான், சந்தோஷம். ஆராதனையில் நன்றி சொல்லும் நேரம் வந்தால் எனக்குச் சொல்லி முடிவதில்லை. எல்லோரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகும் கண்ணை மூடி நின்றுகொண்டிருப்பேன். அவர் என் முழங்கையை லேசாகத் தட்டி உட்காரவைப்பார்.