தெஸ்பினா உட்கார்ந்த பக்கம்

கிரேக்க நாட்டு வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் தெஸ்பினா பொத்தானும் நூலும் விற்றாள். அவள் கணவன் பெரிக்லிஸ் பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்கம் நடத்தி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து அவருடைய இடப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. கிள்ளினாலும் தெரியாது. பேச்சு மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவள் என்பதால், குளிப்பாட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த வீட்டில் ரெண்டு படுக்கையறை. கல்யாணமான புதிதில் தெஸ்பினா, ஜாதகம் பார்க்கும் ரூலாவிடம் போயிருக்கிறாள். ரூலா கட்டம் போட்டு, "உன் சுக்கிரனும் அவரோட செவ்வாயும் ஒண்ணையொண்ணு பாக்கவே இல்லடி. தொட்டா ஆகாது" என்றாளாம். தெஸ்பினா அதை மருத்துவர் சொன்ன பத்தியம் போலக் கடைப்பிடித்தாள்.

ஒருநாள் முதுகு துடைக்கும்போது, எதற்கு ரெண்டு அறை என்று பெரிக்லிஸிடமே கேட்டேன்.

"பழைய ஆளுங்க உடம்பு ஆசைக்கு ஈரோஸ்னு ஒரு பேரு, சிநேகத்துக்கு ஃபிலியான்னு ஒரு பேரு வெச்சாங்க, நர்ஸம்மா" என்றார். "எங்க வீட்டுல சிநேகம் மட்டுந்தான் குடியிருக்கு. அதுவும் அடுத்த ரூம்ல."

"நீங்களாவது போய்க் கதவைத் தட்டியிருக்கலாமே?"

"தட்டினேன். செவ்வாய்னு சொல்லி அனுப்பிட்டா."

தெஸ்பினா மாதா திருநாளன்று பிறந்தவள். பெற்றதும் தாய் இறந்துபோக, அப்பா வீட்டார்தான் அவளை வளர்த்தார்கள். பிறந்த நாளைக் கேட்டால் மாதா திருநாள் என்பார்கள். ஆகஸ்ட் பதினைந்து என்றுதான் பதிவிலும் இருந்தது. இந்த வருஷம் திருநாள் முடிந்த மறுநாள், நோயாளியைப் பார்க்க மலைக்கிராமத்திலிருந்து கலியோபி வந்தாள். தெஸ்பினாவுடைய தாயின் தங்கை. தெஸ்பினா முதல் நாள் செய்த பால் இனிப்பை நீட்டினாள். கிழவி தட்டைத் தள்ளினாள்.

"பாலும் முட்டையுமா? நோன்புல இருக்கேன்."

"நோன்பு நேத்தோட முடிஞ்சுது சித்தி. நேத்துதானே திருநாள்."

"உங்களுக்கு முடிஞ்சுது. நாங்க பழைய காலண்டர், உங்களுக்குப் பதிமூணு நாள் பின்னால. எங்க மாதாவுக்கு இன்னும் பன்னெண்டு நாள் கெடக்கு."

"அப்போ அம்மா?"

"உங்கம்மாவும் எங்க கோயில்தான். நீ பொறந்தப்ப எங்க திருநாள் மணிதான் அடிச்சுது. உங்கப்பன் வீட்டுக்காரனுங்க டவுன் காலண்டரைப் பாத்து பதிமூணு நாள் முன்னாடியே எழுதி வெச்சுட்டானுங்க போல."

தெஸ்பினா செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ரூலா வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. கட்டத்தைத் திருத்திப் போட்டதும் அவளுடைய சுக்கிரன் அவருடைய செவ்வாயோடு ஒரே வீட்டில் வந்து உட்கார்ந்ததாம். இதைவிடப் பொருத்தமான கட்டத்தைத் தான் பார்த்ததில்லை என்றாளாம் ரூலா.

கட்டிலின் வலப்பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. தெஸ்பினா இடப்பக்கம் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். காலண்டர் கதையைச் சொன்னாள். அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"கை சூடாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்படியா" என்றார் அவர். அந்தக் கையை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது தெஸ்பினா, எழுந்திரு" என்று கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டேன். அவள் சுற்றிப் போய் வலக்கையைப் பிடித்தாள். அவர் விரல்கள் விறைத்தன. யாராவது தொட்டால் எப்படி இருக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுபவரிடம்தான் மனிதர்கள் அப்படி விறைப்பார்கள்.

கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதையாகச் சொன்னார்: "அந்தக் கையை விடேன். மூக்கு அரிக்குது. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

சொறிந்த பிறகு கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

தெஸ்பினா மறுபடி இடப்பக்கம் வந்தாள். கட்டிலைப் பழையபடி சுவரோடு தள்ளச் சொன்னாள். தள்ளினேன். அக்டோபரில் அவர் சாகும்வரை தினமும் மாலை அவள் இடப்பக்கமே உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அவளிடமிருந்து விலகிக்கொள்ளாது.