புறாச் சட்டியோடு அக்கரைப்பற்றுக்கு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று அப்படியொன்றும் தூரமில்லை, இருபத்தாறு கிலோமீற்றர்தான். ஆனால் மகன் கலியாணம் முடித்து மனைவி வீட்டில் குடியேறிய பிறகு நான் அந்தப் பக்கம் போகவேயில்லை. கலியாணத்தன்று, ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் சகன் சாப்பாட்டுக்கு மருமகள் வீட்டார் என்னை முதலில் கூப்பிடவில்லை என்ற கோபம். போன வாரம் அவனுடைய பிள்ளைக்கு நாற்பதாம் நாள். மருமகளின் உம்மா ஹாஜறா தானே தொலைபேசியில் அழைத்தாள். சரி, சமாதானமாகிவிடலாம் என்று புறப்பட்டேன்.

வெறுங்கையோடு போக முடியுமா? கல்முனைக் கடையொன்றில் வெள்ளைப் பீங்கான் சாம்பிராணிச் சட்டி வாங்கினேன். விலை மூவாயிரத்து எண்ணூறு. சமாதானத்துக்கு அடையாளமான புறாவை நினைத்துச் செய்தது. கண், மூக்கு கிடையாது, ஆகவே உயிருள்ளதன் உருவம் வீட்டில் கூடாதென்று யாரும் குறை சொல்ல முடியாது. மடித்த இரண்டு சிறகுகள், நடுவில் புகை வர ஒரு இடுக்கு, அவ்வளவுதான்.

“அடியில மணல் போட்டு, ஒரு சின்னக் கரி மட்டும் வைங்க உம்மா” என்றார் கடைக்காரர்.

“ஏழு பேரப்புள்ளைக்குப் புகை காட்டின எனக்கு நீங்க படிச்சுத் தாறீங்களா தம்பி?”

காலை எட்டரை பஸ். நிந்தவூர் தாண்டினால் இரு பக்கமும் வயல், நல்ல காற்று, யன்னலோரம் பிடியுங்கள்.

“என்ன உம்மா, மடியில புள்ளையா?” என்றார் நடத்துநர்.

“ஓம், பீங்கான் புள்ள. பள்ளத்தில போடாம ஓட்டச் சொல்லுங்க.”

ஒன்பதரைக்கு இறங்கி, ஓட்டோவுக்கு இருநூறு கொடுத்தேன்.

வீடு நிறையப் பெண்கள். குசினிக்குள் போய், அடுப்பிலிருந்து தகதகத்த சிரட்டைக் கரியை நானே அள்ளிச் சட்டி நிறையப் போட்டேன். “ராத்தா, கொஞ்சம் மணல் போடுவமா?” என்றாள் ஹாஜறா. “உங்கட மண்சட்டிக்குப் போடுங்க. இது விலையான சாமான்” என்றேன். அவள் அதைத் தட்டில் வைத்து, குளிப்பாட்டி வைத்திருந்த பிள்ளையிடம் கொண்டுபோனாள்.

நடு அறையில் ‘டப்’பென்று வெடித்தது. தணல் புதுப் பாயில் சிதற, மருமகள் பிள்ளையை வாரியெடுத்தாள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

“மாப்பிள்ளைட உம்மா ஆசையா கொண்டுவந்தத உடைச்சிட்டியே!” என்று ஹாஜறாவின் மச்சி, அவள் புருஷனின் அக்கா, ஏசினாள்.

“என்ட பிழைதான் மச்சி. நெருப்பு கூடிப்போச்சி” என்றாள் ஹாஜறா. பிறகு என்னைப் பார்த்து, “கோவிக்காதீங்க ராத்தா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரவால்ல, விடுங்க” என்றேன். எல்லோருக்கும் முன்னால், பெரிய மனசுக்காரியைப் போல, அவளை மன்னித்தேன்! அவள் தன் மண்சட்டியைக் கொண்டுவந்து முதல் புகையை எனக்குத்தான் காட்டினாள். என்னால் தலை நிமிர முடியவில்லை. திரும்பி வரும்போது வயலும் கண்ணில் படவில்லை.

பீங்கான் சட்டி வாங்குவோர் அரைவாசிக்கு மணல் போடுங்கள், ஒரு கரி போதும். சொல்பவரின் பேச்சைக் கேளுங்கள்.

இதை எழுதிவிட்டு தொலைபேசியில் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். “இத மாமிட்டச் சொல்லுங்க உம்மா, அவட மச்சியும் இருக்கக்குள்ள” என்றான். சனிக்கிழமை அதே எட்டரை பஸ்ஸில் போகிறேன். சகனில் எந்த இடம் தந்தாலும் உட்காருவேன்.