கருப்பையா சாரின் வெள்ளிக்கிழமை வகுப்பு

கருப்பையா சார் போய்விட்டார். மாரடைப்பு. விடியற்காலையில் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது.

அதற்குக் கீழே முதல் பதில், "அப்ப இன்னைக்கு டென்த் பி-க்கு மேத்ஸ் யாரு எடுக்குறது?" கை கூப்பும் படங்கள் எல்லாம் அதற்கப்புறம்தான் வந்தன.

புதுவயலில் அதே பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். இப்போது இல்லை, அதனால்தான் இதை எழுத முடிகிறது... குரூப்பிலிருந்து என்னை நீக்க மறந்துவிட்டார்கள்.

சார் ஒன்றும் மகான் இல்லை. சரியான சிடுமூஞ்சி. விடை கேட்டுப் போகிற பிள்ளையை முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்புவார்.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு, என்னையும் சேர்த்துக்கொண்டு லேபில் வகுப்பு எடுக்கும்போது மட்டும் ஆளே வேறு. கணக்கு, அறிவியல், கம்ப்யூட்டர் மூன்று புத்தகத்தையும் ஒரே பெஞ்சில் விரித்து வைக்கச் சொல்வார். கேள்வி மட்டும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஒரு தடவை, "நம்ம வெள்ளைச் சட்டையில விழுற சாம்பல் எங்குட்டு இருந்து வருது? கண்டுபுடிச்சுட்டு வாங்க" என்றார்.

பிள்ளைகள் காகிதத் தட்டில் தேங்காயெண்ணெய் தடவி அங்கங்கே வைத்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று குறித்தார்கள். தட்டில் ஒட்டியதை போனில் படமெடுத்து, புள்ளிகளை எண்ண ஒரு சின்ன புரோகிராம் எழுதினார்கள்.

கிராஃப் போட்டால்... பக்கத்து ரைஸ் மில்லின் புகைக்கூண்டில் போய் நின்றது. சாம்பல் அதிகம் விழுந்த இடம், பிள்ளைகள் மதியம் சாப்பிடும் மரத்தடி.

சந்தோஷத்தில் எனக்கும் சாருக்கும் தலைகால் புரியவில்லை. கிராஃபைப் பெற்றோர் கூட்டத்திலேயே மாட்டிவிட்டோம். அந்த மில், பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டண்டின் சம்பந்தியுடையது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். விடை சரியாக வந்த குஷியில் அது ஞாபகமே வரவில்லை.

"படிப்புச் சொல்லிக் குடுக்கச் சொன்னா, எங்க சம்பந்தி மில்லு சாம்பலை எண்ணிக்கிட்டு இருக்கீகளா சார்?" என்றார் கரஸ்பாண்டண்ட்.

"அய்யா, பிள்ளைக அங்கதானே உக்காந்து சாப்பிடுதுக..." என்றார் சார்.

அத்தோடு வெள்ளிக்கிழமை வகுப்பு நின்றது. லேபில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கினார்கள். சாரைக் காலையில் கேட்டில் நிறுத்தி, யார் முடி வெட்டவில்லை என்று பார்க்கச் சொன்னார்கள்.

ஒவ்வொரு டெர்ம் தொடக்கத்திலும் சார் கரஸ்பாண்டண்ட் ரூம் வாசலில் போய் நிற்பார். "ஒரு பீரியடாவது குடுங்கய்யா." உள்ளே கூப்பிட மாட்டார்கள்.

ஸ்டாஃப் ரூமில் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அதே ஆட்கள் இன்று ஸ்டேட்டஸில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்கள். த்தூ.

இன்று சாக்கோட்டையில் சார் வீட்டுக்குப் போனேன். கரஸ்பாண்டண்டும் ஆள் உயர மாலையோடு வந்தார்.

சாரின் மனைவியிடம், "கவலைப்படாதீகம்மா. சார் பேருலயே வெள்ளிக்கிழமை வகுப்பைத் திரும்ப ஆரம்பிக்கப் போறோம். கம்பெனிக்காரவுக கிட் குடுக்குறாக. கேள்வி, விடை எல்லாம் அதுலயே அச்சடிச்சிருக்கும்" என்றார்.

அந்தம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அவுக இருந்திருந்தா ரொம்பச் சந்தோசப்பட்டிருப்பாக."

நான் வெளியே வந்துவிட்டேன்.

போய் வாருங்கள் என்று சொல்ல மாட்டேன் சார். போங்கள்... அப்படியே போய்விடுங்கள்.