ஜப்பானியக் குழலும் என் நுரையீரலும்

நியூமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியபின், மூன்றாம் மாடியிலுள்ள என் வீட்டுக்கு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. ஏதாவது ஊதிப் பழகினால் மூச்சு நீளும் என்றார் டாக்டர். ஹம்பேர்க்கில் வேலை முடிந்து போகக்கூடிய நேரத்தில் ஒரேயொரு ஊதும் வகுப்புத்தான் கிடைத்தது. சாக்குஹாச்சி. நெட்டாகப் பிடித்து ஊதுகிற ஜப்பானிய மூங்கில் குழல்.

ஊதுவது என்று சொன்னேனா? அது என் அறியாமை. ஆசிரியை கியோத்தோவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த ஜேர்மன்காரி. குழலை அது பிறந்த பண்பாட்டின் வழியாகத்தான் அணுகவேண்டும் என்பது அவருடைய சட்டம். முதல் வாரம் பச்சைத் தேநீர் குடித்தோம். இரண்டாம் வாரம், தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு இந்தக் குழலை ஊதிப் பிச்சையெடுத்த துறவிகளைப் பற்றிக் கேட்டோம். மூன்றாம் வாரம் மௌனம். நான்காம் வாரம் அந்த மௌனத்தைப் பற்றிக் கலந்துரையாடினோம். இந்த ஜேர்மன்காரர்கள் சும்மா இருப்பதற்கும் பாடத்திட்டம் போடுவார்கள். மற்ற ஆறு பேரும் கோப்பு வைத்துக் குறிப்பெடுத்தார்கள். எப்போது ஊதுவோம் என்று நான் கேட்டபோதெல்லாம், ஆசியாக்காரரான உங்களுக்கு இது இரத்தத்திலேயே இருக்குமே என்று ஆசிரியை சிரித்தார். யாழ்ப்பாணத்துக்கும் ஜப்பானுக்கும் நடுவில் எவ்வளவு கடல் கிடக்கிறது என்று விளக்க எனக்கு மூச்சுப் போதவில்லை.

ஐந்தாம் வாரம் ஒருவழியாக ஆளுக்கொரு குழலைத் தந்து, வீட்டில் ஊதிப் பாருங்கள் என்றார். ஆசையாசையாகக் கொண்டுவந்தேன். வந்த நேரம் நவராத்திரியின் மூன்றாம் நாள். நான் கைகால் கழுவி வருவதற்குள் மனைவி அதைக் கும்பத்தடியில், மகளின் வயலினுக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டார்.

"வாத்தியத்தைப் பூசையிலை வைச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் தொடாதேங்கோ," என்றார்.

நாலு வாரம் ஜப்பான் தடுத்தது. மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொண்டோம்.

விஜயதசமியன்று விடிய வேலை. மாலை வகுப்புக்கு ஓடினேன், குழலில் குங்குமம் அப்படியே இருந்தது. ஆசிரியை அதைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார். பக்தி என்றால் இதுதான் என்று குழலை ஆறு பேர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரம் நான் அந்தப் பூசையைப் பற்றிப் பேசவேண்டும், அதுவரை ஒருவரும் ஊதவேண்டாம் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழலைப் பிடுங்கி வாயில் வைத்து ஊதினேன்.

அது ஒரு சத்தமும் போடவில்லை. இருந்த காற்றெல்லாம் வெளியே போய்விட, திரும்ப உள்ளே இழுக்க முடியாமல் என் நெஞ்சுதான் கீச்சுக்கீச்சென்றது. உண்மையாகவே பயந்துபோனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கேளுங்கள்," என்றார் ஆசிரியை மெல்ல. "சுரமே இல்லை, மூச்சு மட்டும். அந்தத் துறவிகள் வாழ்நாளெல்லாம் தேடியது இதைத்தான்."

ஆறு பேரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். யன்னலைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.